போடி ரயிலும் பவுண்டுக் கடனும்: நாணயப் போரின் நடுவே நின்ற சண்முகம் செட்டியார்

போடிநாயக்கனூருக்கு ரயில் மூன்று முறை வந்திருக்கிறது. முதலில் 1928-ல், மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் பாதையில். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, போர்த் தேவைக்காக அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள். அதுவும் அகலப் பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றது. 2023 ஜூனில் மூன்றாவது முறையாக ரயில் ஊருக்குள் வந்தது.

நடுவில் போன தண்டவாளம் ஒரு சின்ன உதாரணம்தான். அந்தப் போருக்காக இந்தியா கொடுத்தது ஏராளம்: துணி, சணல், தோல், தேயிலை, எஃகு, ரயில் பெட்டிகள், லட்சக்கணக்கான சிப்பாய்கள். இதுக்கெல்லாம் பிரிட்டன் பணம் கொடுத்ததா? கணக்கில் கொடுத்தது, கையில் கொடுக்கவில்லை. போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டிய பாக்கி சுமார் 130 கோடி பவுண்டு. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,733 கோடி ரூபாய். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட், ஏழரை மாதத்துக்கானது, எதிர்பார்த்த வருவாயே 171 கோடி ரூபாய்தான். அதைப் போலப் பத்து மடங்குப் பணம் லண்டனில் முடங்கிக் கிடந்தது.

அந்தப் பணத்தைக் கேட்கப் போனவர்களில் ஒருவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர். இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அவர் பெயர் ஒரு மார்க் கேள்வி. ஆனால், 1920-களிலிருந்து 1948 வரை இந்தியாவைத் தொட்ட எல்லாப் பொருளாதார மோதல்களின் பக்கத்திலும் அவர் நின்றிருக்கிறார். நாணயப் போர் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள அவர் வாழ்க்கையே போதும்.

நாணயப் போர்னா என்ன?

போடி ஏலக்காயை வைத்தே பார்த்துவிடலாம். 1920-களில் லண்டன் வியாபாரி ஒருவர் கொஞ்சம் ஏலக்காய்க்கு 1 பவுண்டு தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய்க்கு 16 பென்ஸ் என்பது மாற்று விகிதமானால், அந்த 1 பவுண்டு இங்கே 15 ரூபாய் ஆகும். விகிதத்தை 18 பென்ஸ் ஆக்கினால், அதே பவுண்டு 13 ரூபாய் 5 அணா 4 பையாகிவிடும். காய் அதேதான், எடை அதேதான். மலையில் பறித்தவர் கூலியும் அதேதான். விற்றவருக்கு மட்டும் ஒன்றரை ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

மறுபக்கம் பாருங்கள். லங்காஷயர் மில் துணி 1 பவுண்டுக்கு வந்தால் முன்பு 15 ரூபாய். இப்போது 13 ரூபாய் சொச்சம். வெளிநாட்டுத் துணி மலிவாகிறது, கோயம்புத்தூர் மில் துணி தேங்குகிறது. ஒரு வரிச் சட்டமும் போடாமல், பணத்தின் விலையை மட்டும் மாற்றி ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குக் காசை நகர்த்தலாம். நாடுகள் இதைத் தெரிந்தே ஒன்றின் மேல் ஒன்று செய்யும்போது அதற்கு நாணயப் போர் என்று பெயர்.

மேலே சொன்ன 16, 18 பென்ஸ் கணக்கு கற்பனை அல்ல. ஹில்டன் யங் கமிஷன் 1926-ல் 18 பென்ஸைப் பரிந்துரைத்தது. அந்தக் கமிஷனில் இருந்த புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் 16 பென்ஸ்தான் வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். 1927-ல் மத்திய சட்டசபையில் கடும் விவாதத்துக்குப் பிறகு, மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் 18 பென்ஸ் சட்டமானது. ரூபாய் உயர்ந்த மதிப்பில் இருந்தால், இந்தியா லண்டனுக்கு வருஷாவருஷம் கட்ட வேண்டிய பென்ஷன், வட்டிச் செலவுக்குக் குறைந்த ரூபாய் போதும். அரசுக்கு அது வசதி. விவசாயிக்கும் மில்லுக்கும் அது இடி.

அந்தச் சபையில் அப்போது உறுப்பினராக இருந்தவர்தான் சண்முகம் செட்டியார்.

கோவையிலிருந்து டெல்லிக்கு

1892 அக்டோபர் 17 அன்று கோயம்புத்தூரில் பிறந்தவர். வசதியான வணிகக் குடும்பம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். 1917-ல் கோவை நகரசபை உறுப்பினர். 1920-ல் நீதிக் கட்சி சார்பில் மதராஸ் சட்டசபை. பிறகு சுயராஜ்யக் கட்சிக்கு மாறி, 1924-லிருந்து டெல்லியில் மத்திய சட்டசபை. அங்கே கட்சியின் தலைமைக் கொறடாவானார். 1931-ல் சபையின் துணைத் தலைவர், 1933-ல் தலைவர்.

கட்சி மாறியவர், பிரிட்டிஷ் அரசிடம் சர் பட்டம் வாங்கியவர் என்று அவரைப் பற்றி அப்போதே விமர்சனம் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால், வணிகம், வரி, நாணயம் என்று கணக்கோடு பேசத் தெரிந்த அரசியல்வாதிகள் அன்றைக்குக் கொஞ்சம் பேர்தான். அதனாலேயே எந்தக் கட்சியில் இருந்தாலும் அவரைத் தேடி வேலை வந்தது.

எல்லோரும் எல்லோரையும் அடித்த வருஷங்கள்

1929-ல் உலகப் பெருமந்தம் தொடங்கியது. விளைபொருள் விலை பாதாளத்துக்குப் போனது. 1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன், பவுண்டுக்குத் தங்கம் தரும் முறையைக் கைவிட்டது. பவுண்டு சரிந்தது. ரூபாயையும் அதே 18 பென்ஸில் பவுண்டோடு சேர்த்துக் கட்டிவைக்கச் சொல்லி லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. பவுண்டு சரிந்ததால் ரூபாய்க் கணக்கில் தங்கம் விலை ஏறியது. கடனில் இருந்த கிராமத்து மக்கள் தாலிக்கொடி, காப்பு என்று விற்றார்கள். அந்தத் தங்கம் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது.

1931 டிசம்பரில் ஜப்பானும் தங்கத்தைக் கைவிட்டது. ஓராண்டில் யென் மதிப்பு டாலருக்கு எதிராகப் பாதிக்கும் மேல் சரிந்தது. ஜப்பான் துணி உலகச் சந்தையில் அடிமாட்டு விலைக்கு வந்தது. இந்திய அரசு, பிரிட்டன் அல்லாத நாடுகளின் பருத்தித் துணிக்கான வரியை 1932 ஆகஸ்டில் 50 சதவீதமாகவும் 1933 ஜூனில் 75 சதவீதமாகவும் உயர்த்தியது. ஜப்பான் மில்கள் பதிலுக்கு இந்தியப் பஞ்சை வாங்க மாட்டோம் என்று புறக்கணித்தன. நீ துணி விற்றால் நான் பஞ்சு வாங்குகிறேன் என்று 1934-ல் ஒரு ஒப்பந்தம் போட்டுத்தான் அந்தச் சண்டை முடிந்தது. பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் மில்கள் வரிசையாக எழுந்த காலம் அது. இந்தச் சண்டை செட்டியாரின் சொந்த ஊர் வாசலில் நடந்தது.

இதே சமயத்தில், 1932 கோடையில், கனடாவின் ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் பொருளாதார மாநாடு கூடியது. சர் அதுல் சாட்டர்ஜி தலைமையிலான இந்தியக் குழுவில் செட்டியாரும் ஒருவர். பேரரசுக்குள் ஒருவர் பொருளுக்கு இன்னொருவர் வரிச் சலுகை தருவது, வெளியாட்களுக்குக் கூடுதல் வரி போடுவது என்பது திட்டம். இந்தியா பல பிரிட்டிஷ் பொருள்களுக்கு 10 சதவீதச் சலுகை தந்தது. தன் விளைபொருளுக்கு பிரிட்டன் சந்தையில் சலுகை வாங்கியது.

எல்லா நாடும் கதவைச் சாத்தும்போது ஒரு கதவாவது திறந்திருக்கட்டும் என்பது ஆதரித்தவர்களின் கணக்கு. இந்தியச் சரக்கு பெரும்பாலும் பிரிட்டனுக்கு வெளியேதான் விலை போகிறது, அந்த நாடுகளைப் பகைத்துக்கொண்டு ஆள்கிறவனுக்கே சலுகையா என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. சட்டசபையில் செட்டியார் ஒப்பந்தத்துக்காக வாதாடினார். அது நிறைவேறியது. ஆனால், 1934 தேர்தலில் காங்கிரஸ் அதையே அவருக்கு எதிராகத் திருப்பியது. சபைத் தலைவராக இருந்துகொண்டே தேர்தலில் தோற்றார்.

ஏலமலைக்கு அந்தப் பக்கம்

தோற்றவரை 1935-ல் கொச்சி சமஸ்தானம் திவானாக அழைத்துக்கொண்டது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களைத் தாண்டி மேற்கே இறங்கினால் கடைசியில் வருவது அந்தக் கொச்சிக் கரைதான். அன்றைக்குப் போடி பிரிட்டிஷ் மதராஸ் மாகாணம், தோட்டங்கள் இருந்த மலை திருவிதாங்கூர் சமஸ்தானம், துறைமுகம் கொச்சி சமஸ்தானம். காலையில் மலையேறி மாலையில் இறங்கும் தொழிலாளிக்கு இந்த எல்லை தெரியாது. சரக்குக்கும் சுங்கத்துக்கும் நன்றாகவே தெரியும்.

1941 வரை அவர் அங்கே திவான். கொச்சித் துறைமுகம் பெரிய துறைமுகமாக வளர்ந்தது அந்த ஆண்டுகளில்தான். பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ ஆழப்படுத்திய துறைமுகத்துக்கு 1936-ல் பெரிய துறைமுகத் தகுதி கிடைத்தது. 1938-ல் சில துறைகளை மக்கள் பிரதிநிதியிடம் ஒப்படைக்கும் சட்டமும் கொச்சியில் வந்தது. எர்ணாகுளத்தில் காயலை ஒட்டிப் போகும் சண்முகம் ரோடு அவர் பெயரில் உள்ளதுதான்.

மண்டி முதலாளி நோட்டில் எழுதிய வரவு

இனி போர்க் காலம். பவுண்டுக் கடன் எப்படி உருவானது என்பதைப் புரிந்துகொள்ள, மறுபடி போடி மண்டிக்கே போவோம்.

நீங்கள் ஏலக்காய் விவசாயி. வருஷம் முழுக்க ஒரே மண்டியில் காய் போடுகிறீர்கள். முதலாளி ரொக்கம் தருவதில்லை. நோட்டில் உங்கள் பேருக்கு வரவு எழுதிக்கொள்கிறார். அவசரத்துக்குப் பணம் கேட்டால், இப்போ முடியாது, வேணும்னா என் கடையில் சாமான் எடுத்துக்கோங்க என்கிறார். கடையில் சாமானே இல்லை. பக்கத்துக் கடையில் எல்லாம் இருக்கிறது, ஆனால் அவர் இந்த மண்டிச் சீட்டை வாங்க மாட்டார். இதற்கிடையில் உங்கள் தோட்டத்துக் கூலிக்காரருக்கு நீங்கள்தான் சம்பளம் போட்டாக வேண்டும்.

இதில் மண்டி முதலாளி பிரிட்டன். பக்கத்துக் கடை அமெரிக்கா. மண்டிச் சீட்டு பவுண்டு. பக்கத்துக் கடையில் செல்லும் பணம் டாலர்.

பிரிட்டன் இந்தியாவில் வாங்கியதற்கு லண்டனில் பவுண்டு வரவு வைத்தது. அந்த வரவை ஈடாகக் காட்டி இங்கே ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டு அச்சடித்து, சரக்குக் கொடுத்தவர்களுக்குக் கொடுத்தது. போர் ஆண்டுகளில் நோட்டுப் புழக்கம் ஆறு மடங்குக்கு மேல் ஆனது. சரக்கு கப்பலேறிப் போய்விட்டது, நோட்டு மட்டும் ஊரில் சுற்றியது. விலைவாசி எகிறியது. 1943 வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்ததற்கு இந்த விலையேற்றமும் ஒரு காரணம். பவுண்டுக் கடனைச் சேமிப்பு என்று சொல்வார்கள். ஏழை வயிற்றைக் கட்டிச் சேர்த்த சேமிப்பு அது.

இன்னொன்றும் உண்டு. இந்தியா தன் ஏற்றுமதியால் அமெரிக்காவில் சம்பாதித்த டாலரும் லண்டனில் இருந்த பொது டாலர் தொகுப்புக்குள் போனது. பதிலுக்குக் கிடைத்தது அதே பவுண்டு வரவு. போர்க் காலத்தில் செட்டியார் சிறிது காலம் அமெரிக்காவில் இந்தியாவுக்கான கொள்முதல் குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்தார். டாலர் கையில் இல்லாத நாட்டுக்குப் பக்கத்துக் கடையில் என்ன மரியாதை என்பதை நேரில் பார்த்தவர்.

போருக்கு முன் இந்தியா பிரிட்டனுக்குக் கடன்பட்ட நாடு. போர் முடிந்தபோது நிலைமை தலைகீழ். ஆனால் கடன் கொடுத்தவருக்கு அதிகாரம் இல்லை, வாங்கியவர்தான் இன்னும் ஆண்டுகொண்டிருந்தார்.

பிரெட்டன் வுட்ஸ்: 22 நாள்

1944 ஜூலை 1 முதல் 22 வரை, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பிரெட்டன் வுட்ஸ் என்ற மலை ஊரில் 44 நாடுகள் கூடின. 1930-களின் நாணயப் போர் இனி வரக் கூடாது என்பது நோக்கம். ஒவ்வொரு நாணயத்துக்கும் டாலரோடு ஒரு நிலையான விகிதம். டாலருக்கு ஈடு தங்கம், ஒரு அவுன்ஸ் 35 டாலர். இஷ்டத்துக்கு நாணயத்தைச் சரியவிடக் கூடாது. கஷ்டப்படும் நாட்டுக்குக் கடன் தர ஒரு சர்வதேச நிதியம், புனரமைப்புக்கு ஒரு உலக வங்கி.

இந்தியக் குழுவுக்குத் தலைவர் வைஸ்ராய் அரசின் நிதி உறுப்பினரான ஆங்கிலேயர் ஜெரமி ரெய்ஸ்மன். கூடவே பொருளாதார ஆலோசகர் தியோடர் கிரிகரி. இந்தியர்கள் மூவர்: ரிசர்வ் வங்கி கவர்னர் சி.டி. தேஷ்முக், பம்பாய்த் தொழில் உலகின் ஏ.டி. ஷ்ராஃப், நம் சண்முகம் செட்டியார். எதிரே பிரிட்டன் குழுவின் தலைவர் ஜான் மேனார்ட் கீன்ஸ். அவருடைய முதல் புத்தகமே இந்திய நாணயம் பற்றியதுதான், 1913-ல் வந்தது.

இந்தியக் குழு மூன்று விஷயம் கேட்டது. ஒன்று, லண்டனில் முடங்கிய பவுண்டில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்றிக்கொள்ளப் புதிய நிதியம் வழி செய்ய வேண்டும். இரண்டு, நிதியத்தில் இந்தியாவின் பங்கு அதன் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மூன்று, வளராத நாடுகளின் வளங்களை வளர்ப்பதும் நிதியத்தின் நோக்கம் என்று எழுத வேண்டும்.

முதல் கோரிக்கை விழுந்தது. கடன் தொகை ரொம்பப் பெரியது, நிதியம் தாங்காது, இது இரு நாட்டுக்கு இடையிலான விவகாரம் என்று பிரிட்டனும் அமெரிக்காவும் சொல்லிவிட்டன. கௌரவமாகத் தீர்த்துக்கொள்வோம் என்ற உறுதி மட்டும் கீன்ஸிடமிருந்து கிடைத்தது. இரண்டாவதில் பாதி வெற்றி. அமெரிக்காவுக்கு 275 கோடி டாலர், பிரிட்டனுக்கு 130 கோடி, சோவியத் யூனியனுக்கு 120 கோடி, சீனாவுக்கு 55 கோடி, பிரான்ஸுக்கு 45 கோடி, இந்தியாவுக்கு 40 கோடி. ஆறாவது இடம். சோவியத் யூனியன் கடைசியில் சேராததால் முதல் ஐந்துக்குள் வந்து, நிர்வாகக் குழுவில் இந்தியா நிலையான இடம் பிடித்தது. மூன்றாவதில், எல்லா உறுப்பு நாடுகளின் உற்பத்தி வளங்களையும் வளர்ப்பது என்ற சொற்கள் நிதியத்தின் நோக்கங்களில் ஏறின. இன்னும் சுதந்திரம் அடையாத ஒரு நாட்டின் பிரதிநிதிகள் அங்கே வாங்கியது இவ்வளவு.

இது போதாது என்றவர்களும் உண்டு. பின்னாளில் மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டியில் வாழ்ந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, போர்க் கடனை மட்டும் பார்க்காமல் கிளைவ் காலத்திலிருந்தே கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற நிலையில் நின்றார். 1947-ல் அதை ஒரு நூலாகவே வெளியிட்டார்.

ஒரு வருஷ அமைச்சர்

1947 ஆகஸ்ட் 15. நேருவின் முதல் அமைச்சரவையில் காங்கிரஸுக்கு வெளியே இருந்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி, கூடவே சண்முகம் செட்டியார். நிதித் துறை அவருக்கு.

முதல் வாரத்திலேயே அடி விழுந்தது. அமெரிக்கக் கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைப்படி, பிரிட்டன் 1947 ஜூலை 15-லிருந்து பவுண்டை டாலராக மாற்றிக்கொள்ள அனுமதித்திருந்தது. எல்லா நாடும் மாற்ற வரிசையில் நிற்க, ஐந்தே வாரத்தில் பிரிட்டனின் கை வறண்டது. ஆகஸ்ட் 20 அன்று மாற்றுவது நிறுத்தப்பட்டது. சுதந்திரம் கிடைத்து ஐந்து நாள். இந்தியாவின் பவுண்டு மறுபடி மண்டிச் சீட்டாகிவிட்டது. ஏற்கெனவே ஆகஸ்ட் 14 அன்று போட்ட இடைக்கால ஒப்பந்தப்படி பணம் இரண்டு கணக்காகப் பிரிந்திருந்தது. முதல் கணக்கில் உள்ளதைச் செலவழிக்கலாம், அது கொஞ்சம். இரண்டாம் கணக்கில் உள்ளது பூட்டி வைக்கப்பட்டது, அதுதான் மலை.

நவம்பர் 26 அன்று முதல் பட்ஜெட். வருவாய் 171.15 கோடி, செலவு 197.39 கோடி. செலவில் கிட்டத்தட்ட பாதி பாதுகாப்புக்கு. பிரிவினை, அகதிகள், காஷ்மீர், உணவுப் பஞ்சம் எல்லாம் அந்தக் கணக்குக்குள் இருந்தன.

அடுத்து பாகிஸ்தான். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் அப்போது ஒரே ரிசர்வ் வங்கி. பிரிவினைக் கணக்குப்படி பாகிஸ்தானின் பங்கு 75 கோடி ரூபாய். 20 கோடி போயிருந்தது, 55 கோடி பாக்கி. காஷ்மீரில் சண்டை நடக்கும்போது எதிராளிக்குப் பணம் கொடுப்பதா என்று அரசு நிறுத்திவைத்தது. நிதியமைச்சராக அதை நியாயப்படுத்தும் வேலை செட்டியாருக்கு. 1948 ஜனவரி 13 அன்று மத நல்லிணக்கத்துக்காக காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். ஒப்புக்கொண்ட பணத்தைப் பிடித்துவைப்பது சரியல்ல என்பதும் அவர் கருத்தாக இருந்தது. 15-ம் தேதி அமைச்சரவை பணத்தைக் கொடுக்க முடிவெடுத்தது. பவுண்டுக் கடனில் கொடுத்தவராக நின்று வலியைப் பார்த்த நாடு, இங்கே பணத்தைப் பிடித்துவைக்கும் இடத்தில் நின்றது.

1948 கோடையில் செட்டியார் லண்டன் போனார். ஜூலையில் ஒப்பந்தம். பிரிட்டன் இந்தியாவில் விட்டுச்சென்ற ராணுவத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுண்டு கழிக்கப்பட்டது. ஆங்கிலேய அதிகாரிகளின் பென்ஷனுக்காக சுமார் 16.8 கோடி பவுண்டு கழிக்கப்பட்டது. பாகிஸ்தானின் பங்கும் போக மீதம் சுமார் 80 கோடி பவுண்டு. அதில் புதிதாக 8 கோடியை மூன்று ஆண்டுகளில் விடுவிப்பதாக முடிவானது.

இது நல்ல பேரமா? ஆள வந்தவர்களின் பென்ஷனையும் நாமே மொத்தமாகக் கட்டுவதா என்று எதிர்ப்பு வந்தது. கடனையே வெட்டிவிட வேண்டும் என்ற குரல் பிரிட்டனில் பலமாக இருந்தபோது, ஒரு பவுண்டைக்கூடத் தள்ளுபடி செய்யாமல் கணக்கை நிலைநிறுத்தியது பெரிது என்று ஆதரித்தவர்கள் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அசல் தப்பியது. ஆனால் எப்போது, எந்தக் கடையில் செலவழிப்பது என்பதை முடிவுசெய்தது லண்டன்.

ராஜினாமா, அப்புறம் அந்த செப்டம்பர்

லண்டனிலிருந்து திரும்பிய சில வாரங்களில் பதவி போனது. போர்க் காலத்தில் வரி ஏய்த்தவர்களை விசாரிக்க அமைத்த கமிஷனுக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டது வெளியே வந்தது. கோவை மில் அதிபர்களும் அதில் இருந்ததால், ஊர்க்காரர்களுக்குச் சலுகை காட்டினாரா என்ற கேள்வி எழுந்தது. அமைச்சர் என்ற முறையில் பொறுப்பேற்று 1948 ஆகஸ்ட் 17 அன்று ராஜினாமா செய்தார். பதவிக்கு வந்து ஒரு வருஷமும் இரண்டு நாளும். சில வாரங்களில் ஜான் மத்தாய் நிதியமைச்சரானார்.

பதின்மூன்று மாதம் கழித்து, 1949 செப்டம்பர் 18 அன்று பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. 4.03 டாலராக இருந்த பவுண்டு 2.80 டாலரானது. லண்டனில் பூட்டிக் கிடந்த இந்தியப் பணத்தின் டாலர் மதிப்பு ஒரே ராத்திரியில் 30 சதவீதம் கரைந்தது. யாரும் ஒரு பைசா திருடவில்லை. பணத்தை அச்சடிப்பவர் அதன் விலையை மாற்றினார், அவ்வளவுதான்.

இந்தியாவும் ரூபாயைக் குறைத்தது. ஒரு டாலர் 3.31 ரூபாயிலிருந்து 4.76 ரூபாயானது. பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்ற கணக்கை இந்தியா ஏற்கவில்லை. கிழக்கு வங்காளத்துச் சணல் அந்தப் பக்கமும் கல்கத்தா மில்கள் இந்தப் பக்கமும் தேங்கின. 1951 பிப்ரவரி வரை இரு நாட்டு வணிகம் பெருமளவு முடங்கியது. இரண்டு வருஷம் முன்பு வரை ஒரே நோட்டைப் புழங்கிய மக்களுக்கு இடையே நடந்த நாணயப் போர் அது.

செட்டியார் அப்போது அமைச்சர் இல்லை. தமிழிசை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதி 1946-லேயே வெளியிட்டிருந்தார். பொற்குவியலும் மிளகு மூட்டையும் கப்பலில் மாறிய பூம்புகாரை, வணிகம் தெரிந்த ஒருவர் விரும்பிப் படித்ததில் ஆச்சரியமில்லை. 1952-ல் சுயேச்சையாக நின்று மதராஸ் சட்டசபைக்கு வந்தார். 1953 மே 5 அன்று காலமானார்.

சரி, இன்னிக்கு இதெல்லாம் எதுக்கு?

இன்று போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் கணினித் திரையில் ஏலக்காய் விலை போகிறது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஏற்றுமதியில் பெரிய போட்டி குவாத்தமாலா. இரண்டு நாட்டுக் காயையும் வாங்கும் வளைகுடாச் சந்தை டாலரில்தான் கணக்குப் பார்க்கிறது. சவூதி ரியால் டாலரோடு நிலையாகக் கட்டப்பட்டது, ஒரு டாலருக்கு 3.75 ரியால்.

அப்போ ரூபாய் சரிந்தால் போடிக்கு லாபமா? பாதி ஆமாம். டாலரில் விலை கேட்பவருக்கு நம் காய் மலிவாகத் தெரியும், குவாத்தமாலாவோடு மோதுவது கொஞ்சம் சுலபம். ஆனால் இந்திய ஏலக்காயில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விற்கிறது. அதற்கு டாலர் லாபம் இல்லை. ஜீப்புக்குப் போடும் டீசல், தோட்டத்துக்குப் போடும் உரம் ஆகியவற்றின் விலையோ டாலரோடு ஏறும். ஏற்றுமதியாளருக்கு வருவது லாபமாகவும், ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு வருவது செலவாகவும் இருக்கலாம். 1927-ல் 16 பென்ஸா 18 பென்ஸா என்று நடந்த சண்டையின் இன்றைய வடிவம் இது.

பிரெட்டன் வுட்ஸில் அளந்து கொடுத்த பங்கும் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. 1944-ல் மொத்தம் 880 கோடி டாலரில் இந்தியாவுக்கு 40 கோடி, அதாவது சுமார் 4.5 சதவீதம். இன்று சர்வதேச நிதியத்தில் இந்தியாவின் பங்கு சுமார் 2.75 சதவீதம். நாடு சுதந்திரமாகி, பொருளாதாரம் பல மடங்கு பெருகிய பிறகும் அந்தப் பங்கு குறைந்திருக்கிறது. முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும், 16 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் அமெரிக்கா தனியாகவே எதையும் தடுக்கலாம்.

சண்முகம் செட்டியாரும் தேஷ்முக்கும் ஷ்ராஃபும் கேட்ட இரண்டாவது கோரிக்கை, எண்பது வருஷம் கழித்தும் நிலுவையில் இருக்கிறது. ரூபாயிலேயே வெளிநாட்டு வணிகம் செய்வோம், டாலரைத் தவிர்ப்போம் என்று இன்று செய்தி வரும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வியும் அவர் லண்டனுக்குக் கொண்டுபோன அதே கேள்விதான்: விற்றவர் கையில் சேரும் பணத்தை, அவர் விரும்பும் கடையில் செலவழிக்க முடியுமா?